ஆனைமலை என்று கேட்கும் நிரல்

ஆனைமலை என்னும் பெயருக்குத் தமிழகத்தில் உரிமை கொண்டாடும் ஸ்தலங்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை. பொள்ளாச்சியை அடுத்து, மாசாணியம்மன் கோயிலால் ஜனங்கள் நன்கறிந்த பேரூர் ஒன்று. அதன் பின்புறம் வால்பாறை வரையிலும் அதற்கப்பாலும் எழுந்து நிற்கும் மலைத்தொடர் ஒன்று. இவற்றோடு யாதொரு சம்பந்தமுமின்றி, மதுரை ஒத்தக்கடைப் பக்கத்தில், பாண்டிய மன்னன் பராந்தக நெடுஞ்சடையனின் மந்திரியாகிய மாறன் காரி கி.பி. 770ஆம் ஆண்டில் நரசிங்கப் பெருமாளுக்குக் குடைவரை எடுத்த பாறைக்குன்று ஒன்று. பொள்ளாச்சி பஸ் நிலையத்தில் நின்று ‘ஆனைமலைக்கு எந்த பஸ்ஸுங்க?’ என்று கேட்பவருக்கு ஒரு பதிலும், மதுரை மாட்டுத்தாவணியில் நின்று அதே கேள்வியைக் கேட்பவருக்கு வேறொரு பதிலும் கிடைக்கும். கேட்கும் இடமே பாதி விலாசமாக அமைந்துவிடுகிறது. யந்திரங்கள் ஒன்றையொன்று விசாரிக்கும்போது இந்தச் சலுகை இல்லை. எந்த ஆனைமலை என்பதை விசாரிக்கும் யந்திரமே முழுமையாகச் சொல்லியாக வேண்டும். சொல்லும் முறையில் ஓர் எழுத்துப் பிசகினாலும், அப்படியொரு பெயர் உலகத்திலேயே இல்லை என்று பதில் வந்துவிடும்.

இணையத்தில் பெயரைக் கொடுத்து எண் முகவரியைப் பெற்றுத்தரும் மாபெரும் டைரக்டரிக்கு டிஎன்எஸ் என்று பெயர். அந்த டைரக்டரியைச் சி மொழியில் எழுதப்பட்ட ஒரு நிரல் எவ்வாறு அணுகுகிறது என்பதும், அப்படி அணுகும் நிரலின் கையில் தமிழ்ப் பெயர் ஒன்று அகப்பட்டால் அதற்கு என்ன கதி நேருகிறது என்பதுமே இக்கட்டுரையின் விஷயம். தமிழ்ப் பெயர்களுக்கு இந்த டைரக்டரியில் இடம் கிடைத்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் அவற்றைச் சொல்லிக் கேட்பவருக்குப் பதில் கிடைப்பதும் கிடைக்காமற் போவதும், கேட்கும் பக்கத்து நிரலை எழுதியவர் நான்கைந்து வரிகளைச் சிரத்தையோடு எழுதினாரா என்பதையே பொறுத்திருக்கின்றன என்பது என் அபிப்பிராயம்.

முதலில் இந்த டைரக்டரி உண்டான வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 1970களில் அமெரிக்காவின் ஆர்பாநெட் வலையில் இணைந்திருந்த யந்திரங்களின் பெயர்கள் யாவும் ஒரே ஒரு கோப்பில் எழுதப்பட்டிருந்தன. எலிசபெத் ஃபைன்லர் என்ற அம்மையாரின் தலைமையில், ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையத்தின் தகவல் மையம் அந்தக் கோப்பைப் பராமரித்து வந்தது. புதிதாக ஒரு யந்திரம் வலையில் சேர்ந்தால் அம்மையத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும், மற்றவர்கள் அவ்வப்போது புதிய பிரதியை எடுத்துக்கொள்ள வேண்டும். வலை பெருகப் பெருக இந்த ஏற்பாடு தாங்கவில்லை. ஆகவே 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர், பெயர்களை மரம்போல் கிளைகளாகப் பிரித்து, ஒவ்வொரு கிளையின் நிர்வாகத்தையும் அந்தக் கிளைக்குரியவர்களிடமே ஒப்படைக்கும் முறையொன்றை வகுத்தார். 1987 நவம்பரில் ஆர்எஃப்சி 1034, 1035 என்ற இரு பிரமாணங்களாக அது திருத்தம் பெற்று வெளிவந்தது. இன்றளவும் அதுவே ஆதாரம். பெயரின் ஒவ்வொரு துண்டும் 63 பைட்டுக்கு மிகலாகாது, முழுப்பெயர் 255 பைட்டுக்கு மிகலாகாது என்ற வரம்புகளும் அக்காலத்தில் விதிக்கப்பட்டவையே.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். துண்டில் எந்த பைட் வேண்டுமானாலும் வரலாம் என்பதே டிஎன்எஸ்ஸின் சட்டம். 1997இல் வந்த ஆர்எஃப்சி 2181 அதனைச் சந்தேகத்துக்கு இடமின்றி எடுத்துரைத்திருக்கிறது. ஆயினும் யந்திரங்களின் பெயர்களில் ரோமன் எழுத்தும் எண்ணும் இடைக்கோடும் தவிர வேறெதுவும் கூடாது என்ற சம்பிரதாயம், பழைய ஒற்றைக் கோப்பின் காலத்திலிருந்தே, நடுவிலிருந்த எல்லா நிரல்களிலும் ஊறிப்போயிருந்தது. சட்டம் தடுக்காததைச் சம்பிரதாயம் தடுத்தது. தமிழுக்கு நேர்ந்த இடையூறு முழுவதும் அந்தச் சம்பிரதாயத்திலிருந்து கிளைத்ததே.

இது தவிர்க்க முடியாத இடையூறாக இருக்கவில்லை என்பதற்கு, பக்கத்து வீட்டுக்காரரான இன்னொரு டைரக்டரியே சாட்சி. நிறுவனங்கள் தம் ஊழியர்களின் பெயர், பதவி, அஞ்சல் முகவரி முதலானவற்றை வைத்துக்கொள்ளப் பயன்படுத்தும் எல்டாப் என்ற சேவை, மிஷிகன் பல்கலைக்கழகத்தில் டிம் ஹோவ்ஸ் முதலியவர்களின் முயற்சியால் 1993இல் பிரமாணமாக உருப்பெற்று, 1995இல் சி மொழிக்கென்று ஓர் அழைப்பு முறையையும் ஆர்எஃப்சி 1823 வாயிலாகப் பெற்றது. அதன் மூன்றாம் பதிப்பு 1997இல் வந்தபோது, பெயர்கள் யாவும் யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவத்திலேயே பிரயாணம் செய்யும் என்று தீர்மானித்துவிட்டார்கள். எனவே எல்டாப் சர்வரிடம் ‘ஊர் = ஆனைமலை’ என்ற பொருளில் தேடச் சொல்லும் சி நிரல், அந்தத் தமிழ்ச் சொல்லை உள்ளபடியே வடிகட்டியில் எழுதி அனுப்பலாம்; அங்கிருந்து வரும் பதிலும் தமிழிலேயே வரும். டிஎன்எஸ்ஸுக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. உலகம் முழுதும் பரவி வேரூன்றிவிட்ட சேவையை ஒரே நாளில் நிறுத்தி மாற்றுவது எவராலும் ஆகாத காரியமாகையால், அங்கே தமிழ் வேஷம் போட்டுக்கொண்டுதான் நுழைய வேண்டியதாயிற்று.

அந்த வேஷத்தைப் பற்றிச் சொல்லுமுன், சி நிரல் டைரக்டரியைத் தட்டும் கதவுகள் இரண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய கதவு ‘கெட்-ஹோஸ்ட்-பை-நேம்’ என்ற ஃபங்ஷன். பெயரைக் கொடுத்தால் முகவரி அடங்கிய ஒரு கட்டமைப்பைச் சுட்டிக்காட்டும். அந்தக் கட்டமைப்போ நூலகத்துக்குச் சொந்தமான ஒரே இடத்தில் இருக்கும். அடுத்த முறை அழைத்தவுடன் முந்தைய பதில் அழிந்துபோகும். ஒரே நிரலின் இரண்டு இழைகள் ஒரே சமயத்தில் அழைத்தால் ஒருவர் கேட்ட ஊருக்கு இன்னொருவரின் முகவரி வந்து சேர இடமுண்டு. இணைய நெறிமுறையின் புதிய ஆறாம் பதிப்பு முகவரிகளும் அதற்குத் தெரியா. இக்குறைகளை நீக்குவதற்காக வந்த கதவுதான் ‘கெட்-ஆட்ர்-இன்ஃபோ’. 1997 முதல் ஆர்எஃப்சிக்களில் விவரிக்கப்பட்டுப் பின்னர் போசிக்ஸ் பிரமாணத்திலும் ஏறிய இது, பெயர், சேவை, ‘ஹின்ட்ஸ்’ எனப்படும் விருப்பக் குறிப்புகள் ஆகிய மூன்றையும் வாங்கிக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த முகவரிச் சங்கிலியைத் தரும். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியாக முயன்று பார்த்து, தொடர்பு கிடைத்ததும் ‘ஃப்ரீ-ஆட்ர்-இன்ஃபோ’வை அழைத்து அந்த நினைவகத்தைத் திருப்பிக் கொடுப்பது கேட்டவரின் பொறுப்பு. பாடப்புத்தகங்கள் பலவும் பழைய கதவையே இன்னமும் மாணவர்களுக்குக் காட்டிக்கொண்டிருப்பது வருந்தத்தக்கது. புதிதாக எழுதப்படும் நிரலில் அதற்கு இடம் கொடுப்பதற்கு நியாயம் ஒன்றும் இல்லை.

இனி ‘ஆனைமலை’ என்ற சொல் ஒரு சி நிரலின் நினைவகத்தில் எப்படிக் கிடக்கிறது என்று பார்ப்போம். நம் கண்ணுக்கு அது நான்கு எழுத்து: ஆ, னை, ம, லை. யூனிகோட் கணக்கில் ஆறு குறியீடு; ஐகாரக் குறி தனியொரு குறியீடாதலால் னை, லை இரண்டும் தலைக்கு இரண்டாகின்றன. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன், மெய்யெழுத்தின் தலையிலேயே ஐகாரச் சுழி ஒட்டிக்கொண்டிருந்த உருவங்கள் நான்கு. ணை, லை, ளை, னை ஆகிய அந்நான்கில் இரண்டு இந்த ஒரு பெயருக்குள்ளேயே இருக்கின்றன. பழைய பலகைகளில் சுழியோடு எழுதப்பட்ட ஆனைமலையும் இன்றைய ஆனைமலையும் கண்ணுக்கு வேறாயினும் குறியீட்டில் ஒன்றே. யூனிகோட் செய்த நல்ல காரியங்களில் இதுவும் ஒன்று. யூடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் ஆகையால், மொத்தம் 18 பைட். முதலெழுத்தாகிய ‘ஆ’ 224, 174, 134 என்ற மூன்று எண்களாகக் கிடக்கிறது. சி மொழியில் ‘கேர்’ என்ற வகை, இன்டெல் வகை யந்திரங்களில் பொதுவாகக் குறியுடைய எண்ணாகக் கொள்ளப்படுவதால், அந்த 224 நிரலின் பார்வையில் மைனஸ் 32 ஆகிவிடும். பெயரில் உள்ளவை எழுத்துகள்தாமா என்று பரிசோதிப்பதற்காக ‘இஸ்-ஆல்நம்’ போன்ற ஃபங்ஷனிடம் அதை அப்படியே நீட்டினால் விளைவு இன்னதென்று மொழியின் பிரமாணமே உறுதி சொல்லாது. ‘அன்சைன்ட் கேர்’ என்று மாற்றிக் கொடுக்க வேண்டும் என்ற இந்தச் சின்ன விதியை மீறியதனால், ரோமன் பெயர்களோடு ஆண்டுக்கணக்காக ஒழுங்காக ஓடிய நிரல், முதல் தமிழ்ப் பெயரைக் கண்டதும் தடுமாறி விழ நேரும்.

அந்த 18 பைட்டுகளை எந்த மாற்றமும் செய்யாமல் ‘கெட்-ஆட்ர்-இன்ஃபோ’விடம் கொடுத்தால் அவை பெரும்பாலும் உள்ளபடியே கம்பியேறிப் போகும், மறுமுனையில் அப்படியொரு பெயர் பதிவாகியிராததால் ‘பெயர் இல்லை’ என்ற பதில் வரும். பதிவாகியிருப்பது வேறொரு உருவம். அந்த உருவத்தை நிச்சயித்தது 2003 மார்ச்சில் வந்த ஐடிஎன்ஏ என்ற பிரமாணம். பெயரின் கடைசியில் வரும் ‘ஏ’ என்ற எழுத்து ‘அப்ளிகேஷன்’களைக் குறிப்பது: பிற மொழிப் பெயர்களை ரோமன் உருவத்துக்கு மாற்றும் வேலை சர்வர்களுடையதன்று, பயன்பாட்டு நிரல்களுடையது என்று அன்றே வேலைப் பங்கீடு செய்துவிட்டார்கள். வலையின் க்ஷேமத்தை நினைத்தால் இதைவிட விவேகமான முடிவு இருந்திருக்க முடியாது. உலகத்துச் சர்வர்களில் ஒன்றைக்கூடத் தொடாமல் தமிழுக்கும் அரபிக்கும் சீனத்துக்கும் வழி திறந்துவிட்டது. ஆனால் தமிழ் வாசகரின் க்ஷேமமோ அதனால் ஆயிரக்கணக்கான நிரலாசிரியர்களின் தயவுக்கு விடப்பட்டது.

மாற்றும் முறைக்கு ஆடம் காஸ்டெல்லோ என்பவர் வகுத்த ‘ப்யூனிகோட்’ கணிதம் ஆதாரம். குறியீடுகளை இறங்கு வரிசையிலோ சொல்லின் வரிசையிலோ எடுக்காமல், எண் மதிப்பின் ஏறுவரிசையில் எடுத்து, முந்தையதற்கும் அடுத்ததற்கும் உள்ள தூரத்தையும், சொல்லுக்குள் அது செருகப்பட வேண்டிய இடத்தையும் சேர்த்து ஒரே எண்ணாக்கி, அந்த எண்ணை 26 ரோமன் எழுத்தும் 10 இலக்கமும் கொண்ட 36 அடிமான முறையில் எழுதுவதே அதன் சாரம். ஆனைமலையைக் கையாலேயே கணக்கிட்டுப் பார்க்கலாம். மிகச் சிறிய குறியீடு ‘ஆ’, அதாவது 2950. கணக்கு 128இல் தொடங்குவதால் தூரம் 2822. அது டபிள்யூ, கே, சி என்ற மூன்றெழுத்தாகிறது. அடுத்தது 2985ஆகிய ‘ன’. தூரமும் இடமும் சேர்ந்து 70, அது 4, இ. பிறகு ‘ம’வுக்கு 15, அது பி, ‘ல’வுக்கு 16, அது க்யூ. கடைசியாக மிகப்பெரிய குறியீடான ஐகாரக் குறி இருமுறை வருகிறது: முதலாவதற்கு 108, அது 2, ஐ, இரண்டாவதற்கு வெறும் 2, அது சி. முன்னால் எக்ஸ், என், இரண்டு இடைக்கோடு ஆகிய அடையாளத்தைச் சேர்த்தால் மொத்தம் 14 எழுத்து. 18 பைட் 14 ஆகக் குறைந்திருப்பதைக் கவனிக்கலாம். தமிழெழுத்துகள் யூனிகோடில் ஒன்றையொன்று அடுத்து அமர்ந்திருப்பதால் முதல் எழுத்தைத் தாண்டிய பின் தூரங்கள் சிறுத்துவிடுகின்றன. 63 பைட் வரம்புக்குள் 21 தமிழ்க் குறியீடுதான் அடங்கும் என்ற பயம் ஆதாரமற்றது. அதைவிடக் கணிசமாக நீண்ட பெயரும் அடங்கும்.

இந்தியாவுக்குத் தமிழில் ஒதுக்கப்பட்டிருக்கும் உச்சிக்கிளை ‘இந்தியா’. உதாரணத்துக்கு ‘ஆனைமலை.இந்தியா’ என்றொரு பெயரைக் கற்பித்துக்கொள்வோம். ‘இந்தியா’ என்பது வேஷமிட்ட உருவத்தில் 17 எழுத்து. ஒவ்வொரு துண்டுக்கும் முன் அதன் நீளத்தைச் சொல்லும் ஒரு பைட், இறுதியில் முற்றுப்புள்ளியாக ஒரு சூனிய பைட். ஆகப் பெயர் 34 பைட். கேள்வியின் வகைக்கும் வர்க்கத்துக்கும் 4, தலைப்புக்கு 12. பின்னாளில் வந்த விரிவாக்கப் பகுதியொன்றும் சேர்க்காவிட்டால், ஆனைமலையைப் பற்றிய விசாரணை முழுவதும் 50 பைட் கொண்ட ஒரே பொட்டலமாக 53ஆம் வாயிலை நோக்கிப் புறப்படுகிறது. இரு தலைமுறை முகவரிகளையும் கேட்டிருந்தால் அதேபோன்ற இன்னொரு பொட்டலமும் கூடப் போகும்.

சி நிரலாசிரியர் இந்தக் கணக்கையெல்லாம் தாமே எழுத வேண்டியதில்லை என்பது ஆறுதல். லினக்ஸ் யந்திரங்களில் வழங்கும் குனு சி நூலகம் 2.3.4 பதிப்பு முதலே ‘ஹின்ட்ஸ்’ கட்டமைப்பில் ‘ஏஐ-ஐடிஎன்’ என்றொரு கொடியை ஏற்றுக்கொள்கிறது. அதை ஏற்றிவிட்டால் ‘கெட்-ஆட்ர்-இன்ஃபோ’ தானே மாற்றிக்கொள்ளும். 2018 ஆகஸ்டில் வந்த 2.28 பதிப்பு முதல் அந்த மாற்றத்தை ‘லிப்ஐடிஎன்2’ என்ற தனி நூலகத்திடம் ஒப்படைத்திருக்கிறார்கள். அந்த நூலகம் யந்திரத்தில் இல்லையென்றால் மாற்றம் நடக்காது, பெயரைக் குறியீடாக்க முடியவில்லை என்ற தனிப் பிழை எண் திரும்பும். இன்னொரு நிபந்தனையும் உண்டு. பெரும்பாலோர் சறுக்குவது அங்கேதான். கொடுக்கப்பட்ட பைட்டுகள் எந்தக் குறிமுறையில் உள்ளன என்பதை நூலகம் நிரலின் ‘லோகேல்’ அமைப்பிலிருந்தே தெரிந்துகொள்கிறது. சி மொழி நிரல் பிறக்கும்போது வெறும் ரோமன் எழுத்து மட்டுமே அறிந்த ‘சி’ லோகேலில் பிறக்கிறது. முதல் வரியிலேயே ‘செட்-லோகேல்’ ஃபங்ஷனை வெற்றுச் சரத்தோடு அழைத்து, உபயோகிப்பவரின் சூழலிலுள்ள யூடிஎஃப்-8 அமைப்பை வாங்கிக்கொள்ளாவிட்டால், கொடி ஏற்றியும் பிரயோஜனமில்லை. மேசைக் கணினியில் சரியாக ஓடுகிற நிரல், சூழல் மாறிகள் ஒன்றுமில்லாமல் பின்னணிச் சேவையாக ஓடும்போது தமிழ்ப் பெயரை மட்டும் மறுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். இக்கொடி போசிக்ஸ் பிரமாணத்தில் இல்லாத குனு விசேஷம் என்பதால், வேறு நூலகங்களிலும் ஓட வேண்டிய நிரலை எழுதுகிறவர் லிப்ஐடிஎன்2வை நேரடியாக அழைத்து மாற்றிக்கொண்டு, வேஷமிட்ட பெயரையே ‘கெட்-ஆட்ர்-இன்ஃபோ’வுக்குக் கொடுப்பது உத்தமம். சூழலை நம்பாமல் யூடிஎஃப்-8 என்று தாமே அறுதியிட்டுச் சொல்லிவிடும் வசதியும் அவ்வழியில் இருக்கிறது.

கேள்வி சரியாகப் போனாலும் பதில் வந்தே தீரும் என்ற நிச்சயம் இல்லை. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். மலைச்சரிவின் மறைவில் அலைபேசிக் கோபுரத்தின் தொடர்பு போவதும் வருவதுமாக இருக்கும் இடத்தில் ஒரு நிரல் பெயர் விசாரிக்கத் தொடங்கினால், குனு நூலகத்தின் இயல்பான விதிப்படி பதிலுக்காக 5 விநாடி காத்திருந்து, இரண்டு சுற்று முயன்று, அதன்பின்தான் கைவிடும். அதுவரை ‘கெட்-ஆட்ர்-இன்ஃபோ’வை அழைத்த இழை அசையாமல் நிற்கும், திரையும் அதே இழையில் இருந்தால் அதுவும் உறைந்து நிற்கும். ஆகையால் விசாரணையைத் தனி இழைக்கு ஒதுக்க வேண்டும், அல்லது ‘சி-ஆரெஸ்’ போன்ற காத்திராத நூலகத்தை நாட வேண்டும். கைவிட்டபோது திரும்பும் பிழை ‘இப்போது தெரியவில்லை, பிறகு கேள்’ என்ற பொருளுடையது; ‘பெயர் இல்லை’ என்ற பொருளுடைய பிழை வேறு. இரண்டையும் ஒரே செய்தியாகத் திரையில் காட்டும் நிரல்கள் ஏராளம். தமிழ்ப் பெயருக்கு மூன்றாவதாக ‘குறியீடாக்க முடியவில்லை’ என்பதும் சேர்கிறது. மூன்றும் மூன்று விதமான பரிகாரத்தைக் கோருபவை: முதலாவதற்குக் காத்திருத்தல், இரண்டாவதற்குப் பெயரைத் திருத்துதல், மூன்றாவதற்கு நிரலைத் திருத்துதல். மூன்றையும் பொத்தி மறைத்துவிட்டு ‘தமிழ்ப் பெயர் வேலை செய்யவில்லை’ என்று பழி கூறுவது நியாயமாகாது.

தமிழுக்கும் இந்த டைரக்டரிக்கும் உள்ள உறவு, பலரும் நினைப்பதைவிடப் பழமையானது. பிற மொழிப் பெயர்களை அனுமதிக்கலாம் என்ற யோசனையை 1996இல் மார்ட்டின் ட்யூர்ஸ்ட் வெளியிட்டார்; அதை 1998இல் நடைமுறையில் இயக்கிக் காட்டியவர்கள் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீ என்ற பேராசிரியரின் வழிகாட்டுதலில் உழைத்தவர்கள். தமிழர் வாழும் ஒரு நகரத்திலிருந்து இந்த முயற்சி புறப்பட்டது பொருத்தமே. 2007 அக்டோபரில், உச்சிக்கிளையிலேயே பிற மொழியெழுத்து வந்தால் வேர்ச் சர்வர்கள் தாங்குமா என்று சோதிப்பதற்காக ஐகான் ஸ்தாபனம் பதினொரு சோதனைக் கிளைகளை நட்டபோது, அவற்றுள் தமிழும் ஒன்று. அந்தக் கிளையின் பெயர் ‘பரிட்சை’. பள்ளிப் பிள்ளைகள் எழுதும் ‘பரீட்சை’யில் உள்ள நெடில் அங்கே குறிலாகிவிட்டது, வேஷமிட்ட உருவத்தை அவிழ்த்துப் பார்த்தாலும் குறில்தான் வருகிறது. டைரக்டரிக்கு இலக்கணம் கிடையாது. பதிந்ததே அதற்குப் பெயர். பின்னர் 2010இல் ‘இலங்கை’ என்ற கிளையும், 2011இல் ‘இந்தியா’, ‘சிங்கப்பூர்’ ஆகிய கிளைகளும் தமிழெழுத்தில் நிலைபெற்றன.

அதே 2010இன் ஜூன் மாதத்தில் கோயம்புத்தூரில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடும் அதனோடு தமிழ் இணைய மாநாடும் கூடின. தமிழக அரசு யூனிகோடையும், டேஸ்16 என்ற அனைத்து எழுத்துக் குறிமுறையையும் அங்கீகரித்து ஆணையிட்டதும் அச்சமயத்தில்தான். டேஸ்16 முறையில் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனிக் குறியீடு; ஆனைமலை அதில் கண்ணுக்குத் தெரிகிறபடியே நான்கு குறியீடாக அமையும். அச்சுத்தொழிலுக்கு அது அனுகூலமாக இருக்கலாம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதன் குறியீடுகள் யூனிகோடின் தனியார் உபயோகப் பகுதியில் குடியிருப்பவை. பெயர் டைரக்டரியோ அந்தப் பகுதியை முற்றாக விலக்குகிறது. மாநாடு முடிந்து இரண்டு மாதம் கழித்து, ஆகஸ்டில் வெளியான ஐடிஎன்ஏவின் புதிய பிரமாணமும் அந்த விலக்கை உறுதிசெய்தது. ஆகவே டேஸ்16இல் சேமித்த பெயரை ஒரு சி நிரல் விசாரிக்க வேண்டுமானால், முதலில் யூனிகோடுக்கு மாற்றி, அதன் பிறகே ப்யூனிகோட் வேஷத்தைப் போட்டாக வேண்டும். வலையில் பெயர் சொல்லி அழைக்கப்படும் தகுதியை வைத்துப் பார்த்தால் இரண்டு முறைகளும் சமமானவை அல்ல. அந்த வேறுபாடு அன்றைய விவாதங்களில் இன்னும் அழுத்தமாகப் பேசப்பட்டிருக்கலாம்.

எழுத்து ஒன்றாகத் தோன்றிக் குறியீடு வேறாக இருக்கும் இடங்களே விசாரிக்கும் நிரலுக்கு மெய்யான சோதனை. கோயம்புத்தூர் மாவட்டத்தில் ஓடி நொய்யலில் கலக்கும் கௌசிகா நதியை எடுத்துக்கொள்வோம். ‘கௌ’ என்பதை ககரமும் ஔகாரக் குறியுமாக எழுதுவது முறை. ஆனால் ‘கெ’ எழுதி அதன் பக்கத்தில் ‘ள’ தட்டினாலும் பார்வைக்கு அதே உருவம் வந்துவிடுவதால், அப்படித் தட்டுகிறவர்கள் மிகுதி. கண்ணுக்கு ஒரு நதி, டைரக்டரிக்கு இரண்டு. ‘கோ’ போன்ற எழுத்தில் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடாகத் தட்டினால், யூனிகோடின் சீர்மை விதி அவற்றை ஒன்றாக்கிவிடும். லிப்ஐடிஎன்2 அந்தச் சீர்மையைச் செய்துதான் மேலே போகிறது. ஔகாரக் குறிக்கும் ளகரத்துக்கும் அப்படிப்பட்ட பந்தம் ஒன்றும் யூனிகோடில் இல்லை. ‘ஸ்ரீ’யின் கதையும் இதுவே: ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம், பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவமாக விரியும். அம்மன் பெயரோடு ‘ஸ்ரீ’ சேர்த்துப் பெயர்ப்பலகை மாட்டாத கடைவீதி ஆனைமலைப் பக்கத்தில் அபூர்வம். அக்கடைகளில் ஒன்று நாளை வலையில் தமிழ்ப் பெயர் வாங்கினால், எந்த ‘ஸ்ரீ’யில் பதிந்தது என்பது முக்கியமான கேள்வியாகிவிடும். தமிழெண் ‘௧’ ககரத்தைப் போலவும் ‘௭’ எகரத்தைப் போலவும் தோன்றுவது மேற்படிச் சங்கடத்துக்கு ஓர் அனுபந்தம். உச்சிக்கிளைகளின் மட்டில் இவற்றை ஒழுங்குபடுத்தத் தமிழ் உள்ளிட்ட ஒன்பது எழுத்துமுறைகளுக்காக நியோ-பிராமி குழு என்றொன்று அமைந்து விதிகள் வகுத்தது. கீழ்க்கிளைகளில் விதி செய்வது அந்தந்தப் பதிவாளரின் பொறுப்பு. கேட்கும் பக்கத்து நிரல் தன்னிச்சையாக ஒரு ‘ஸ்ரீ’யை இன்னொரு ‘ஸ்ரீ’யாக மாற்றிக் கேட்கலாமா என்றால், கூடாது என்றே சொல்வேன்; தட்டியவர் கேட்காத பெயரை விசாரித்து அதன் முகவரிக்கு அவரை அனுப்பிவைப்பது, உதவி என்ற பெயரில் செய்யும் அபாயம்.

அபாயம் என்றதும், இக்கதவுகளே பழுதாயிருந்த சந்தர்ப்பங்கள் நினைவுக்கு வருகின்றன. 2015 ஜனவரியில் ‘கோஸ்ட்’ என்ற பெயரில் அம்பலமான குற்றம், ‘கெட்-ஹோஸ்ட்-பை-நேம்’ குடும்பத்தின் உள்ளே 2000 முதல் ஒளிந்திருந்தது. எண்களும் புள்ளிகளுமாக வரும் பெயருக்கு ஒதுக்கிய இடத்தின் கணக்கில் நேர்ந்த பிசகு அது. 2016 பிப்ரவரியில் ‘கெட்-ஆட்ர்-இன்ஃபோ’விலும் ஒன்று வெளிப்பட்டது, பதிலுக்கென்று அடுக்கில் ஒதுக்கிய 2048 பைட்டுக்கு மேல் பெரிய பதிலை ஒரு தீய சர்வர் அனுப்பினால், கேட்ட யந்திரத்தையே கைப்பற்ற இடமிருந்தது. வெறும் பெயர் கேட்டல் என்று அலட்சியமாக நினைக்கும் காரியத்தில், முன்பின் தெரியாதவர் அனுப்பும் பைட்டுகளை நம் நினைவகத்துக்குள் அனுமதிக்கிறோம் என்பதைச் சி மொழியில் எழுதுகிறவர் மறக்கலாகாது. பொட்டலத்தைத் தாமே பிரித்துப் படிக்க முற்படுவோருக்கு இது இன்னும் பொருந்தும். பதிலில் பெயர்கள் சுருக்கக் குறிகளாக முன்னிடத்தைச் சுட்டி வரும், அச்சுட்டு தன்னையே சுட்டினால் நிரல் முடிவில்லாமல் சுழலும்.

முகவரி கிடைத்தபின் வேஷம் கலைந்துவிடுவதாகவும் எண்ணலாகாது. சர்வரின் பதிவேடுகளில் எக்ஸ்-என் உருவமே பதிகிறது. ‘ஏஐ-கேனன்ஐடிஎன்’ என்ற இன்னொரு கொடியை ஏற்றிக் கேட்டால்தான் திரும்பும் முழுப்பெயர் தமிழில் வரும். பாதுகாப்பான தொடர்பு துவக்கும்போது மறுமுனை நீட்டும் சான்றிதழிலும் வேஷமிட்ட பெயரே எழுதப்பட்டிருக்கும். ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தை உபயோகிக்கும் சி நிரல், எதிர்பார்க்கும் பெயர் இன்னதென்று அதற்குச் சொல்லும் இடத்தில், உபயோகிப்பவர் தட்டிய ‘ஆனைமலை’யை அப்படியே கொடுத்தால் சான்றிதழ் பொருந்தாது; விசாரணைக்காக மாற்றிய அதே 14 எழுத்து உருவத்தைப் பத்திரமாக வைத்திருந்து அங்கேயும் கொடுக்க வேண்டும். ‘கெட்-ஆட்ர்-இன்ஃபோ’ கொடியின் உதவியால் உள்ளுக்குள் மாற்றிக்கொள்ளும் உருவம் அழைத்தவர் கைக்குத் தானாக வந்து சேர்வதில்லை. மாற்றத்தை நிரலே முதலில் ஒருமுறை செய்து, அந்த ஒரே உருவத்தை விசாரணைக்கும் சான்றிதழ்ச் சோதனைக்கும் பயன்படுத்தி, தமிழ் உருவத்தைத் திரைக்கு மட்டும் வைத்துக்கொள்வதே சரியான ஏற்பாடு என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.